படையும் பழியும்

பொதிகை மலைத்தொடரில் அகத்தியர் கூடத்தைச் சூழ்ந்த சிகரங்களின்மேல் பெய்யும் மழை இரு திசைகளில் பிரிந்து ஓடுகிறது. கிழக்கே விழுந்த நீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையை வளப்படுத்துகிறது. மேற்கே விழுந்த நீரில் ஒரு பங்கு கரமனையாறாகித் திருவனந்தபுரத்தைத் தழுவிச் சென்று, திருவல்லத்தைக் கடந்து அரபிக்கடலில் கலக்கிறது. சித்த மருத்துவத்தின் முதல்வராகத் தமிழ் மரபு போற்றும் அகத்திய முனிவரின் மலையிலிருந்து இறங்கிவரும் இவ்வாற்றின் கரையில், சத்தியவாகீசுவரர் கோயிலை அடுத்த தெருக்களில், தமிழ்க்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

இவ்வாற்றின் படித்துறை ஒன்றில் என் தந்தையார் நாள்தோறும் விடிவதற்கு ஒரு நாழிகை முன்னதாகவே நீராடித் திரும்பிவிடுவார். அதனை அவருடைய ஆசார ஒழுக்கம் என்றே சிறு வயதில் எண்ணியிருந்தேன். உண்மைக் காரணம் பின்னரே தெரிந்தது. அவருடைய முழங்கைகளிலும் முழங்கால்களிலும் முதுகிலும் வெள்ளிச் செதில் பூத்த செந்நிறப் படைகள் இருந்தன. ஒருமுறை அவர் வெயில் ஏறிய பின் ஆற்றில் இறங்கியபோது, அங்கே குளித்துக்கொண்டிருந்த இருவர் ஒன்றும் பேசாமல் கரையேறினராம். அதன்பின் அவர் பகலில் ஆற்றுப் பக்கமே போகவில்லை.

தந்தையாருக்கு வந்திருந்தது இன்று சொரியாசிஸ் என்று பலரும் அறிந்த நோய். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படுவது. அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. ஆயினும் தொற்றும் நோய்க்குரிய பழி அதன்மேல் எவ்வாறு ஏறியது? அந்நோய்க்கு மருந்து தேடிய வரலாற்றில் நம் நாட்டின் பங்கு யாது? இவ்விரு வினாக்களும் என் உள்ளத்தில் நெடுங்காலம் இருந்தவை. நான் மருத்துவன் அல்லன்; அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன். எனவே, ஒரு பெயர் பதிவேட்டில் பிழையாக ஏறிவிட்டால் அதனைத் திருத்துவதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதை மட்டும் நன்கறிவேன். இந்நோயின் கதையும் அத்தகைய ஒரு பிழைப்பதிவின் கதையே ஆகும்.

பெயரால் வந்த பழி

நம் பழைய மருத்துவ நூல்களில் 'குட்டம்' என்ற சொல் இன்று நாம் கருதும் பொருளில் வழங்கவில்லை. சரக சம்கிதை 18 வகைக் குட்டங்களைக் கூறி, அவற்றுள் ஏழினைப் பெருங்குட்டம் என்றும் பதினொன்றைச் சிறுகுட்டம் என்றும் வகுக்கிறது. சித்த மருத்துவமும் 18 என்ற அவ்வெண்ணையே போற்றுகிறது. மீன் செதில் போன்ற படை, அரிப்பும் நீர்க்கசிவும் உடைய கருஞ்சிரங்கு, தேமல் போன்ற நிறமாற்றம் ஆகிய யாவும் அப்பெயருக்குள் அடங்கின. மீன் செதில் போன்றதாகக் கூறப்படும் 'ஏககுஷ்டம்' சொரியாசிஸ் என்றும், நீர் கசியும் 'விசர்ச்சிகை' எக்சிமா என்றும் இக்கால ஆயுர்வேத அறிஞர் பொருத்திக் காட்டுவர். சுருங்கச் சொன்னால், குட்டம் என்பது தோல்நோய்கள் அனைத்துக்கும் உரிய பொதுப்பெயராக இருந்தது. நாளடைவில் அச்சொல் தொழுநோய் ஒன்றையே குறிப்பதாகச் சுருங்கியது. சொல்லின் பொருள் சுருங்கிய போதும் அதன் அச்சம் சுருங்கவில்லை. தோலில் எது தோன்றினாலும் அந்த ஒரு பெயரே பார்ப்பவர் மனத்தில் எழுந்தது.

வியப்பு என்னவெனில், இதே விபத்து ஐரோப்பாவிலும் நேர்ந்தது என்பதே. கிரேக்க மொழியில் 'லெப்ரா' என்றால் செதில் பொருந்தியது என்பதே பொருள். பண்டைக் கிரேக்க மருத்துவர் அச்சொல்லால் குறித்தவற்றுள் சொரியாசிஸும் அடங்கியிருத்தல் வேண்டும் என்பர். உண்மையான தொழுநோய்க்கு அவர்கள் வேறு பெயர் வைத்திருந்தனர். நூல்கள் அரபிக்கும், அரபியிலிருந்து இலத்தீனுக்கும் பெயர்ந்து சென்ற வழியில் பெயர்கள் இடம் மாறின. 'லெப்ரா' தொழுநோயின் பெயராயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் தொழுநோயாளர் என்று முத்திரை குத்தப்பட்டு, ஊருக்கு வெளியே தள்ளப்பட்டு, தம் வருகையை ஒலியெழுப்பி அறிவித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தவர்களுள், சொரியாசிஸ் மட்டுமே உடையவர் பலர் இருந்திருப்பர் என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

இப்பிழையைத் திருத்தும் முயற்சியை இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன் (1757-1812) தொடங்கினார். தோல்நோய்கள் பற்றி 1798 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில், கண்ணால் கண்ட வடிவத்தைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்தினார். சொரியாசிஸைத் தெளிவாக விளக்கியவரும் அவரே. ஆயினும் வட்டமான படைகளுக்கு 'லெப்ரா' என்ற பழம்பெயரையே அவரும் விட்டுவைத்தார். 1841 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஃபெர்டினாண்ட் ஹெப்ரா என்னும் மருத்துவர்தாம் அப்பெயரை முற்றிலும் நீக்கி, சொரியாசிஸ் தொழுநோயின் எவ்வகையும் அன்று என்று வரையறுத்தார். 1873 இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டபோது இரண்டுக்கும் இடையிலான சுவர் உறுதியாயிற்று. தொழுநோய் கிருமியால் வருவது. அதன் தேமலில் உணர்ச்சி மங்கும். சொரியாசிஸுக்குத் தொற்றும் கிருமி இல்லை. அதன் படையில் உணர்ச்சி இருக்கும், பலருக்கு அரிப்பும் மிகும்.

நூலில் திருந்திய பிழை தெருவில் திருந்தவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1898 இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், ஏழைத் தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க இடமளித்தது. அச்சட்டம் விடுதலைக்குப் பின்னும் ஏட்டில் நீடித்து, 2016 இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாகக் கொண்ட சட்டப்பிரிவுகள் 2019 இல் அகற்றப்பட்டன. ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. 1980களில் பரவிய கூட்டு மருந்து முறையால் தொழுநோயும் முற்றிலும் குணமாகக் கூடியதாகிவிட்டது. 'இது குட்டம் அன்று' என்று சொல்லி நம் பழியை அந்நோயாளர் தலையில் இறக்கிவைத்துவிட்டு நாம் மட்டும் தப்பிப்பது அறமாகாது. பழி எவர்மேல் இருந்தாலும் பழியே.

கோவாப் பொடி

இனி மருந்துகளின் வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய் மருந்துக் கடைகளில் மஞ்சள் கலந்த பழுப்புநிறப் பொடி ஒன்று விற்கப்பட்டது. கோவாவிலிருந்து வந்தமையால் அது 'கோவாப் பொடி' எனப்பட்டது. படர்தாமரைக்கு அது கைகண்ட மருந்து. கல்கத்தாவில் பணியாற்றிய ஜோசப் ஃபேரர் 1874 இல் அதன் சிறப்பை ஆங்கில மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். அப்பொடி உண்மையில் கோவாவின் விளைபொருள் அன்று. பிரேசில் நாட்டுக் காடுகளில் வளரும் அரரோபா என்னும் மரத்தின் தண்டிடுக்குகளில் சேரும் பொருள் அது. போர்த்துக்கீசியரின் வாணிப வழியே கோவாவுக்கு வந்து, அங்கிருந்து இந்தியா எங்கும் பரவியது.

இப்படர்தாமரை மருந்து சொரியாசிஸையும் அடக்குகிறது என்பதனை இலண்டன் மருத்துவர் பால்மனோ ஸ்கொயர் 1876 இல் வெளியிட்டார். அதுவரை தார், கந்தகம், நஞ்சாகிய பாடாணம் ஆகியவற்றையே நம்பியிருந்த ஐரோப்பிய மருத்துவத்துக்கு இது பெரிய பேறாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் அப்பொடி கிடைப்பது அரிதானபோது, ஜெர்மானியர் 1916 இல் அதன் சாரத்தைப் போன்ற ஒரு பொருளைச் செயற்கையாகச் செய்தனர். டித்ரனால் அல்லது ஆந்த்ரலின் என்னும் அம்மருந்தே அது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து இங்ரம் என்பவர் 1953 இல், தார்க் குளியல், புற ஊதாக் கதிர், டித்ரனால் பசை ஆகிய மூன்றையும் இணைத்து வகுத்த முறை பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் பின்பற்றப்பட்டது. மருந்து தோலை எரிக்கும், துணியில் கறைபடியும், வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும். ஆயினும் படை மறைந்தது.

நம் தோட்டங்களில் சீமை அகத்தி என்றும் வண்டுகொல்லி என்றும் வழங்கும் செடியை அறியாதார் இலர். அதன் இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது நம் பாட்டிமார் வழக்கம். கோவாப் பொடியின் சாரத்தோடு உறவுடைய வேதிப்பொருள்கள் அவ்விலையிலும் உள்ளன. கடல் கடந்து வந்த பொடியும் கொல்லையில் நின்ற செடியும் ஒரே இனத்துப் பொருளைத் தாங்கி நின்றமை எண்ணத்தக்கது.

கார்போகியும் கதிரொளியும்

நாட்டு மருந்துக் கடையில் கார்போகி அரிசி என்று கேட்டால், சிறுநீரக வடிவில் சிறிய கரிய விதைகளைத் தருவார்கள். குளியல் பொடியில் சேர்க்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று. வடமொழியில் அது பாகுசி எனப்படும். வெண்புள்ளி நோய்க்கு அதனைக் கொடுத்து உடலை வெயிலில் காட்டச் செய்யும் முறை இந்நாட்டில் மிகப் பழமையானது. மருந்து மட்டும் போதாது, கதிரவனும் வேண்டும் என்ற அந்த நுட்பத்தை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இதன் காரணம் 1933 இல் துலங்கியது. ஜாய்ஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் ஆகிய இந்திய வேதியியல் அறிஞர் மூவர் கார்போகி விதையை ஆராய்ந்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். செடியின் அறிவியற்பெயராகிய சொராலியா என்பதையொட்டி அது 'சோரலென்' எனப் பெயர் பெற்றது. அதனை உட்கொண்டோ பூசியோ வெயிலில் நின்றால், தோல் ஒளிக்கு மிகுதியாக வசப்படும். 1940களின் இறுதியில் எகிப்து நாட்டு எல் மொஃப்டி, நைல் நதிப் பகுதியில் வளரும் வேறொரு செடியிலிருந்து கிடைத்த இதே குடும்பத்துப் பொருளை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார்.

1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், பாதக் ஆகிய நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சோரலென் குடும்பத்து மாத்திரையை உட்கொண்டபின் நீண்ட அலைப் புற ஊதாக் கதிரை உடலில் படச்செய்தால் சொரியாசிஸ் அடங்குகிறது என்பது அக்கட்டுரை. 'பூவா' என்று உலகெங்கும் பெயர்பெற்ற சிகிச்சை இதுவே. நால்வருள் இறுதியாகக் கூறப்பட்ட மதுகர் பாதக் இந்தியாவில் பிறந்தவர். நெடுநாள் செய்தால் தோற்புற்று வரும் வாய்ப்பு மிகும் என்று பின்னர்த் தெரிந்ததால், இன்று மாத்திரை வேண்டாத, 311 நானோமீட்டர் அளவிலான குறுகிய அலைக்கதிர்ச் சிகிச்சை அதனிடத்தைப் பெரிதும் பிடித்துள்ளது. எனினும், மருந்தும் கதிரும் கைகோத்துத் தோலைத் திருத்தும் என்ற கருத்தின் வேர் நம் மண்ணில் உள்ளது என்று கூறின் மிகையன்று.

பீமவரத்துப் பெருமகன்

சொரியாசிஸ் கடுமையாகிவிட்டால் நம் நாட்டு மருத்துவர் இன்றும் பெரிதும் நாடும் மாத்திரை மெதோட்ரெக்சேட் ஆகும். அதன் வரலாற்றில் மறக்கவொண்ணாத பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதர் உடுத்தியமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமே பெற்றார் என்பர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் கற்பித்தார். குடல் நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துயரோடு அமெரிக்கா சென்றார்.

லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் உழைத்த ஆய்வுக்குழு 1945 இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. அவருடைய உடன்பிறந்தாரைக் கொண்ட நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. பின்னர் அதே குழு, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைக் கொண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாக அடக்கியவர் சிட்னி ஃபார்பர். அதன் உறவே மெதோட்ரெக்சேட். சுப்பாராவ் 1948 இல் மறைந்தார். தம் மருந்தின் வரிசை தோல்நோயாளருக்கும் உதவும் என்பதனை அவர் அறியார். 1951 இல் குப்னர் என்னும் மருத்துவர், மூட்டுவாதத்துக்காக அமினாப்டெரின் உட்கொண்டவர்களுக்கு இருந்த சொரியாசிஸும் மறைவதைக் கண்டு எழுதினார். அதன்பின் மெதோட்ரெக்சேட் அவ்விடத்தைப் பெற்றது.

இதனை உட்கொள்வதில் ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. சொரியாசிஸுக்கு இம்மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் என்று தவறாகக் கொண்டு உண்டவர் உயிரிழந்ததும் உண்டு. கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் கேடு வாராமல் இருக்க இரத்தப் பரிசோதனை தேவை. கருவுற்ற பெண்டிர் உட்கொள்ளலாகாது. பக்கவிளைவைக் குறைப்பதற்கு மருத்துவர் உடன் எழுதித் தருவது ஃபோலிக் அமில மாத்திரை. தடுக்கும் மருந்தும் காக்கும் மருந்தும் சுப்பாராவின் ஆய்வுக்கூடம் தந்தவையே. ஒரு சீட்டில் அடுத்தடுத்த வரிகளில் எழுதப்படும் அவ்விரண்டையும் மருந்துக் கடையில் வாங்கிச் செல்வோருள் எத்தனை பேர் அப்பெருமகனை நினைக்கின்றனர்?

வெட்பாலை எண்ணெய்

கரமனைப் பகுதிப் பழைய வீடுகளின் மொட்டைமாடியில், கண்ணாடிப் பரணி ஒன்று வெயிலில் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதனுள் தேங்காய் எண்ணெயில் ஊறும் வெட்பாலை இலைகள். மலையாளத்தார் இதனைத் தந்தப்பாலை என்பர். பல்வலிக்கு மெல்லும் இலையாதலின் அப்பெயர் என்று கூறுவர். அடுப்பில் ஏற்றாமல், வெயிலின் சூட்டிலேயே எண்ணெய் பக்குவமாகும். இலையின் பச்சை சில நாட்களில் ஊதாவாக மாறி எண்ணெயில் இறங்கும். இம்மரத்தின் இலையிலிருந்து முன்னாளில் நீலச்சாயம் எடுத்தனர் என்பதை நினைத்தால் அந்நிறம் வியப்பளிக்காது.

சொரியாசிஸுக்கு இவ்வெண்ணெயைப் பூசுவது தமிழ்ச் சித்த மருத்துவரும் கேரள வைத்தியரும் ஒருங்கே ஒப்பிய முறை. மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சியாளர் சென்னையில் இதனை ஆராய்ந்து '777 எண்ணெய்' என்ற பெயரால் பரப்பினர். கரமனைக்கு அண்மையிலுள்ள பூஜப்புரையிலும் மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குவது நமக்குப் பெருமை தருவதாகும். கேரள ஆயுர்வேதமோ, நெல்லிக்காய்க் கஷாயம் கலந்த மோரைத் தலையிலும் உடலிலும் தாரையாகச் சொரியும் தக்ரதாரை முறையைக் கையாள்கிறது. திருவனந்தபுரம் ஆயுர்வேதக் கல்லூரியின் தொடக்கம் 1889 ஆம் ஆண்டுக்குச் செல்லும் என்பதிலிருந்து இங்கு அம்மரபின் வலிமையை உணரலாம்.

நாட்டு மருத்துவத்தைப் போற்றும் நாம் அதன் பெயரால் நடக்கும் வஞ்சகத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். தந்தையாரின் வாழ்வில் நேர்ந்ததைச் சொல்கிறேன். ஊர் ஊராகச் சென்று மருந்து விற்கும் ஒருவர், 'அடியோடு போக்குவேன்' என்று உறுதி கூறி ஒரு பொடியைத் தந்தார். இரண்டே வாரத்தில் தோல் பளிங்கு போலாயிற்று. தந்தையார் பகலில் ஆற்றுக்குப் போகலாம் என்று மகிழ்ந்தார். பொடி தீர்ந்தது; விற்றவரைக் காணவில்லை. பத்து நாட்களில் தலைமுதல் கால்வரை தோல் சிவந்து உரிந்தது; குளிர்நடுக்கம் கண்டது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றும், அதனைத் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் இவ்வாறு சீறி எழும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

ஸ்டீராய்டு தன்னளவில் தீயதன்று. 1952 இல் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பின் பயனை வெளியிட்டதிலிருந்து எக்சிமா சிகிச்சையில் அதுவே முதல் துணை. எக்சிமா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கொதித்துப் பொங்குதல் என்று பொருள். நாம் கரப்பான் என்று கூறும் நோய்களுள் பெரும்பாலானவை இவ்வகையின. தோலின் ஈரத்தைக் காக்கும் சுவர் பலருக்குப் பிறவியிலேயே நலிந்திருப்பதும் இதற்குக் காரணம் என்று 2006 இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆதலின் எண்ணெயோ களிம்போ பூசித் தோலை வறளவிடாமல் காப்பதே சிகிச்சையின் பாதி. கத்தரிக்காய், கருவாடு முதலியவற்றைக் கரப்பான் பண்டம் என்று நம்மவர் விலக்குவர். ஒவ்வாமை உண்மையில் உள்ளதா என்று பார்த்து விலக்குவதே முறை. குறிப்பாகக் குழந்தையின் உணவைக் கண்டபடி குறைத்தல் நன்றன்று. மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் பூசிக் கெடுவோர் பெருகியதால், 2018 இல் இந்திய அரசு அத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது.

நோயின் இருப்பிடம்

தோலில் தோன்றுவதால் இது தோலின் நோய் என்றே நெடுங்காலம் கருதினர். இயல்பான தோலில் புதிய அணு அடியில் தோன்றி மேலே வந்து உதிர ஏறத்தாழ 4 வாரமாகும்; சொரியாசிஸில் அது சில நாட்களிலேயே முடிந்து செதிலாகக் குவிகிறது. இந்த விரைவுக்குக் காரணம் தோலில் இல்லை என்ற ஐயம் 1979 இல் வலுப்பெற்றது. உறுப்புமாற்றுச் சிகிச்சையில் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்க உதவும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து சொரியாசிஸையும் அடக்குவதை அவ்வாண்டில் மருத்துவர் கண்டனர். உடலைக் காக்கும் படையே நிலைதடுமாறி உடலைத் தாக்குவதே நோய் என்ற கருத்து அதன்பின் நிலைபெற்றது. சிலருக்கு விரல் மூட்டுகள் வீங்குவதற்கும் அதுவே காரணம்.

அப்படையின் குறிப்பிட்ட தூதர்களை மட்டும் தடுக்கும் ஊசி மருந்துகள் இந்நூற்றாண்டில் தோன்றி, பலருக்குத் தோலை முற்றிலும் தெளிவாக்கின. அவ்வகையில் இட்டோலிசுமாப் என்ற மருந்தைப் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2013 இல் நம் நாட்டில் வெளியிட்டது. ஆயினும் இவ்வூசிகளின் விலை எளியோர் பலருக்கு எட்டுவதன்று. இன்றுவரை எம்மருந்தும் நோயை வேரோடு களைவதில்லை. அடக்கி வைப்பதே செய்கிறது. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் போல உடனிருந்து ஆளப்பட வேண்டிய நோய் இது. 'அடியோடு போக்குவேன்' என்பவரை ஐயுற வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

நான்காம் உறுப்பு

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாக்கி முடிகிறது. மேற்கூறிய வரலாறு முழுவதும் மருத்துவரையும் மருந்தையும் பற்றியதே. நான்காம் கூறாகிய பேணுபவர் யார்? வீட்டார் மட்டுமல்லர். பந்தியில் அருகே அமர்பவரும், முடிதிருத்துபவரும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும், படித்துறையில் உடன் நீராடுபவரும் அக்கூறில் அடங்குவர். அவர்கள் விலகினால் மற்ற மூன்றும் நிறைவாக இருந்தும் நோயாளி தேறுவதில்லை. மனத்துயர் மிகுந்தால் இப்படையும் மிகும் என்பது மருத்துவர் பலரும் கண்ட உண்மை. எனவே விலகி நிற்பவர் பார்வையாளர் மட்டுமல்லர். நோயை வளர்ப்பவரும் ஆகிறார்.

2014 ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸ் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அது தொற்றாத நோய் என்றும், நோயாளர்மேல் சமூகம் சுமத்தும் பழி நீங்க வேண்டும் என்றும் அத்தீர்மானம் நாடுகளை வேண்டிற்று. ஹெப்ரா பெயரைத் திருத்திய 1841 இலிருந்து கணக்கிட்டால் 173 ஆண்டுகள். ஒரு பிழைப்பதிவைத் திருத்த எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள்!

மருத்துவமனையிலிருந்து தந்தையார் வீடு திரும்பிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. வாரம் ஒருமுறை உண்ணும் மாத்திரையைப் பற்றியும், வெட்பாலை எண்ணெயைத் தொடரலாம் என்று மருத்துவர் இசைந்ததைப் பற்றியும் அன்னையார் ஆவலோடு வினவிக்கொண்டிருந்தார். தந்தையார் அவற்றுக்கு விடை சொல்லவில்லை. "அந்த டாக்டர் கையுறை போடாமல் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார்" என்றார். சிறிது நேரம் கழித்து அதனையே மறுபடியும் சொன்னார்.

அவருடைய படைகள் பின்னர்க் குறைந்தன, மறைந்தன, சில மழைக்காலங்களில் திரும்பியும் வந்தன. பகலில் ஆற்றுக்குச் செல்லும் வழக்கம் மட்டும் திரும்பவே இல்லை. மாத்திரைகள் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களிலிருந்து வரலாம்; எண்ணெய் நம் மாடி வெயிலிலேயே பக்குவமாகலாம். கரையேறாமல் அருகிலேயே நின்று நீராடும் மருந்தை நாம்தாம் தரவேண்டும். அதனை வழங்கும் நெஞ்சம் நம் தமிழ்க்குடியினர் அனைவருக்கும் வாய்ப்பதாக.